புது ஷூ பழக்கும் வேலை

ஏப்ரல் 30

அம்மா,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கவில்லை, கவனித்தாயா? கோபத்தில் இருக்கிறேன். லீவு விட்டதும் அணைக்கட்டுக்கு வந்து ஒரு மாதம் உன்னோடு இருக்கலாம் என்று போன வருஷமே சொன்னாய். இப்போது, 'இருநூறு பேருக்குச் சமைக்கிற கேண்டீனில் உன்னை எங்கே படுக்க வைப்பது, பஸ் டிக்கெட்டுக்கும் கையில் காசில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று நாலு வரியில் முடித்துவிட்டாய். அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்று சொல்லியே என்னைக் கிழவியாக்கிவிடுவாய்.

அதனால் டிக்கெட் காசை நானே சம்பாதிக்கப் போகிறேன். சித்தியிடம் சொன்னேன். "பதிமூணு வயசுக்கு யாருடி வேலை குடுப்பா? அங்க பாத்திரம் கிடக்கு, அதைத் தேய்" என்றாள். அதற்கு எவ்வளவு தருவாய் என்று கேட்டேன். முறைத்தாள்.

இந்த ஒரு வாரத்தில் நான் பார்த்த வேலைகளைக் கேட்டால் சிரிப்பாய். முதலில் எதிர்வீட்டு டாக்டரின் நாயை நடத்திக்கொண்டு போகிற வேலை. நான் எங்கே நடத்தினேன், அதுதான் என்னைத் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போனது. முட்டியில் தோல் போனதுதான் மிச்சம். அடுத்தது கார் கழுவுவது. பக்கெட்டின் கம்பி பட்டுக் கதவில் ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டுக்குக் காசு கேட்காமல் விட்டார்களே, அதுவே பெரிய விஷயம். பிறகு வாசலில் மேஜை போட்டு எலுமிச்சை ஜூஸ். டேஸ்ட் பார்க்கிறேன் என்று சித்தப்பாவே பாதி ஜாடியைக் காலி பண்ணிவிட்டார். மேல்வீட்டு வாண்டுகள் இரண்டுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனேன். அவர்கள் எனக்குச் சீட்டாடச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஆனாலும் விடமாட்டேன். கையில் டிக்கெட்டோடு உன் கேண்டீன் வாசலில் வந்து நிற்பேன், அப்போது என்ன சொல்கிறாய் பார்க்கலாம்.

கோபத்தில் இருக்கும்,
சுண்டு


மே 5

என் கோபக்காரச் சுண்டுவுக்கு,

உன் கடிதத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே படித்தேன். அழுதது வெங்காயத்தால்தான் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் நம்பினாரோ என்னவோ.

வரச் சொல்லிவிட்டு வராதே என்றது என் தப்புத்தான். இங்கே நான் படுக்கிறதே அரிசி மூட்டைகளுக்கு நடுவில், கண்ணு. ராத்திரியெல்லாம் லாரி வரும், பகலெல்லாம் வெடி வைப்பார்கள். போன் மேனேஜர் ரூமில் மட்டும்தான் இருக்கிறது, அதையும் அவர் கண்ணில் வைத்து ஒற்றிக்கொள்கிறார். மழை தொடங்கினால் வேலை நிற்கும். அன்றைக்கே புறப்பட்டு வந்துவிடுவேன்.

சம்பாதிக்க ஆசைப்படுவது நல்லதுதான், உன்னைத் தடுத்தால் மட்டும் கேட்கவா போகிறாய். ஆனால் தெரியாதவர்கள் வீட்டுக்குள் போகாதே. எங்கே போனாலும் சித்தியிடம் சொல்லிவிட்டுப் போ. முட்டியில் மருந்து போட்டாயா?

உன் அம்மா


மே 9

அன்புள்ள அம்மா,

வேலை கிடைத்துவிட்டது! நாய் இல்லை, பக்கெட் இல்லை, சித்தப்பா இல்லை.

தெருமுனை லாண்டரிக் கடைக் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'லீவு வேலை. பெண் பிள்ளை. பன்னிரண்டு, பதின்மூன்று வயது. நடக்கத் தெரிந்தால் போதும்.' கடைக்காரரிடம் கேட்டேன். "வருஷா வருஷம் ஒட்டுவாங்க. கடைசி வீடு. போய்க் கேட்டுப் பாரு" என்றார். உன் சொல்லைத் தட்டக்கூடாது என்று சித்தியையும் கூட்டிக்கொண்டுதான் போனேன்.

நாங்கள் மணியடிப்பதற்குள் கதவு திறந்தது. உன் வயதுதான் இருக்கும் அந்தம்மாவுக்கு. ஒரு முடி கலையாமல் வாரியிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். "அஞ்சு. அஞ்சேதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்புறம், "இடது சுண்டுவிரல் மேல ஏறியிருக்கே. பரவாயில்ல, சரியாயிடும்" என்றார். அதைக் கேட்டுச் சித்திக்குச் சிரிப்பு.

வேலை இதுதான். அந்தம்மாவின் மகளுக்கு ரொம்ப மெல்லிய பாதமாம். எந்தப் புது ஷூவைப் போட்டாலும் கடித்துப் புண்ணாகிவிடுமாம். அதே அளவு கால் உள்ள பிள்ளை ஒருத்தி முன்னாடியே போட்டு நடந்து பழக்கிக் கொடுத்துவிட்டால், அவளுக்குக் கடிக்காது. மாடியில் நீளமான நடைவழி இருக்கிறது, மரத்தரை. ஒரு கோடியில் ஜன்னல், மறு கோடியில் ஒரு மூடிய கதவு. அங்கேயும் இங்கேயும் நடக்க வேண்டும், அவ்வளவுதான். வெயில் கிடையாது, வியர்வை கிடையாது. நாய்க்காரர் தருவதாகச் சொன்னதைப்போல மூன்று பங்கு சம்பளம்.

சில சட்டதிட்டங்கள் இருக்கின்றன. அவர்கள் கொடுக்கிற சாக்ஸைத்தான் போட வேண்டும். நடக்கும்போது குனிந்து காலைப் பார்க்கக்கூடாது. அந்த வீட்டு ஷூ கேட்டைத் தாண்டக்கூடாது. நான் கழற்றிவைத்த ஷூவை அந்தம்மா கையால் தொடவே மாட்டார். செய்தித்தாளை வைத்துப் பிடித்து எடுத்து, மூடிய கதவு முன்னால் வைத்துவிட்டு, "ஆறட்டும்" என்பார். பால் ஆறுகிற மாதிரி!

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. நீ எப்போதும் ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, முனையில் பஞ்சைத் திணித்து, "வளர்ற பிள்ளை" என்பாயே. ஓடினால் என் குதிகால் தனியாக வரும், ஷூ தனியாக வரும். இந்த வீட்டு ஷூவில் பஞ்சு இல்லை. காலுக்கு அப்படியே பொருந்துகிறது. காலுக்குச் சரியான ஷூவை நான் இதுவரை போட்டதே இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது.

மூன்று வாரத்தில் டிக்கெட் காசு சேர்ந்துவிடும். அரிசி மூட்டைக்கு நடுவில் எனக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கி வை.

உன் சம்பாதிக்கிற மகள்,
சுண்டு


மே 14

சுண்டு,

பஞ்சு விஷயம் சுருக்கென்று குத்தியது. ஒரு ஷூவில் இரண்டு வருஷம் ஓட்ட வேண்டுமே என்று பார்த்தேனே தவிர, உன் கால் அதற்குள் கிடந்து ஆடுவதை நான் யோசிக்கவில்லை. உன் கால் இப்போது என்ன அளவு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. யாரோ ஒரு அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்காக மட்டும் சொல்லவில்லை, எனக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. ஷூ பழக்க ஆள் வைக்கிற வீட்டை நான் கேள்விப்பட்டதே இல்லை. இங்கே சாப்பிட வந்தவர்களிடம் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஒரு லாரி டிரைவர் கேட்டார்: "அந்தப் பொண்ணை யாராவது பாத்தாங்களாக்கா?" எனக்குச் சாம்பார்க் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

நீ பார்த்தாயா? எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள்? எப்போது வருவாள்? எல்லாவற்றையும் எழுது. சுண்டுவிரல் 'சரியாயிடும்' என்று அந்தம்மா சொன்னாளாமே, அவள் என்ன டாக்டரா?

அம்மா


மே 18

அம்மா,

கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறாய். மகள் வெளியூர் ஹாஸ்டலில் இருக்கிறாளாம். லீவு முடியும்போது வந்துவிடுவாளாம். 'எல்லாப் பிள்ளைகளும் லீவு ஆரம்பிக்கும்போதுதானே வருவார்கள்?' என்று கேட்டேன். "இவ முடியும்போதுதான் வருவா, பாப்பா" என்றார். என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். என் பெயரை இதுவரை கேட்கவில்லை.

பள்ளிக்கூட ஷூ, கேன்வாஸ் ஷூ, மழை பூட்ஸ், விசேஷத்துக்குப் போட்டுக்கொள்கிற பட்டி வைத்த ஷூ என்று ஒவ்வொன்றாகப் பழக்கிவிட்டேன். ஒரு விஷயம்தான் புரியவில்லை. நேற்று நான் பழக்கிய கேன்வாஸ் ஷூவைக் கதவு முன்னால் வைத்தார் இல்லையா? இன்று போனால் அதன் அடியில் ஈரப் புல் ஒட்டியிருந்தது. கேட்டதற்கு, "காத்துல வந்திருக்கும்" என்றார். ஷூவின் அடிக்கா?

இன்னொன்று. நான் ஜன்னலை நோக்கி நடக்கும்போது, மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ கூடவே நடப்பதுபோலச் சத்தம் கேட்கிறது. நான் நின்றால் அதுவும் நின்றுவிடும். ஆனால் நான் நின்ற பிறகு ஒரே ஒரு அடி கூடுதலாகக் கேட்கும். "பழைய மரத்தரை, அப்படித்தான் சத்தம் போடும்" என்றார் அந்தம்மா. இருக்கலாம். முதல் நாள் பயமாக இருந்தது. இப்போது அந்தக் கூடுதல் அடிக்காகக் காத்திருந்து கேட்டுவிட்டுத்தான் திரும்புகிறேன்.

பின்வாசல் படிக்குக் கீழே மூன்று ஜோடி ரப்பர் செருப்பு தூசி படிந்து கிடக்கிறது. மூன்றும் கிட்டத்தட்ட என் அளவு. ஒன்றில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கிறது. யாருடையது என்றேன். "முன்ன வேலைக்கு வந்ததுங்க விட்டுட்டுப் போனது" என்றார். வெறுங்காலோடா போனார்கள் என்று கேட்க நினைத்தேன், அதற்குள் அடுத்த ஷூ வந்துவிட்டது.

சித்தி நேற்று, "என்னடி, கால் ரெண்டையும் உள்ளாற மடக்கி நடக்கிற?" என்றாள். எனக்கொன்றும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் என் செருப்பு இப்போது கடிக்கிறது அம்மா. இரண்டு வருஷமாகப் போட்டுக் கிழித்த செருப்பு! வழியில் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நடக்கிறதற்கு யாராவது காசு கொடுப்பார்களா என்று சித்தப்பா கேலி செய்கிறார். கொடுக்கிறார்களே!

சுண்டு


மே 22

என் கண்ணு,

போதும். இதுவரை சம்பாதித்தது போதும், இனி அந்த வீட்டுக்குப் போகாதே. மூன்று பிள்ளைகள் செருப்பில்லாமல் எங்கே போனார்கள் என்று கேட்காமல் நீ எப்படி அடுத்த ஷூவைப் போட்டுக்கொண்டாய்? அந்தச் செருப்புகளைத் தேடி ஒரு அம்மாகூடவா வரவில்லை? எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

மேனேஜரின் காலைப் பிடிக்காத குறையாக முன்பணம் வாங்கிவிட்டேன். உனக்கு டிக்கெட் எடுக்கிறேன். இங்கேயே வந்துவிடு, மூட்டைகளை நகர்த்திப் போட்டுக்கொள்ளலாம். அதோடு ஷூவும் வாங்கித் தருகிறேன், இந்தத் தடவை உன் அளவுக்கே. எப்போதும் செய்வோமே, அதுமாதிரி ஒரு காகிதத்தில் காலை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. இடது கால் முக்கியம்.

அந்த விரலை நான் எப்படி மறப்பேன்? உனக்கு மூன்று வயது. பீரோவை நான்தான் நகர்த்தினேன், நீ பின்னால் வந்து நின்றதைப் பார்க்கவில்லை. நசுங்கிய சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல் ஏறி அப்படியே நின்றுவிட்டது. நீ அழுதது ஒரு நாள். நான் ஒரு மாதம் அழுதேன். அன்றிலிருந்துதான் நீ எனக்குச் சுண்டு.

கண்டிப்பாகப் போகாதே.

அம்மா


மே 26

அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம்.

நான்கு நாட்களாக இங்கேயே தங்கியிருக்கிறேன். என் செருப்பு சுத்தமாகக் காலுக்கு ஆகவில்லை, இந்த வீட்டு ஷூ கேட்டைத் தாண்டக்கூடாது, பிறகு எப்படிப் போய்வருவது? சித்தியிடம் அந்தம்மாவே வந்து பேசினார். சித்தியும் சரி என்றுவிட்டாள். உங்கள் கடிதத்தை அவள்தான் கேட் வழியாகக் கொடுத்தாள்.

டிக்கெட் அனுப்ப வேண்டாம். காசு சேர்ந்துவிட்டது, மேஜை இழுப்பறையில் இருக்கிறது. ஆனால் அணைக்கட்டு வெகுதூரம். அங்கே தரை கரடுமுரடாக இருக்கும் என்று சொல்கிறார்கள். என் பாதம் தாங்காது.

கதவு இப்போது திறந்துதான் இருக்கிறது. உள்ளே நல்ல அறை. விளக்கின் ஸ்விட்ச் திரைக்குப் பின்னால் இருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை, கை தானாகப் போனது. பிள்ளைப் பருவத்திலிருந்து இப்போதுவரை போட்ட ஷூ எல்லாம் அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி தேய்ந்திருக்கிறது. ஒரே பிள்ளை போட்டது மாதிரி இல்லை.

நீங்கள் கேட்டபடி காலை வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். நானேதான் வரைந்தேன். சுண்டு என்று எழுதியிருந்தீர்கள். யாரைச் சொல்கிறீர்கள் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

இப்படிக்கு,
பாப்பா


மே 29

சுண்டு,

நீ சுண்டு. கேட்கிறதா? எப்போதிலிருந்து நான் உனக்கு 'நீங்கள்' ஆனேன்? திட்டும்போதுகூட என்னை 'நீ' என்றுதானே திட்டுவாய்.

நீ வரைந்து அனுப்பியதை மடித்தபடியே எடுத்துக்கொண்டு கீழே கடைவீதிக்கு ஓடினேன். ஷூக்காரர் பார்த்துவிட்டு, "அஞ்சு போதும்" என்றார். "ஆறு குடுங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. பழக்கதோஷம். மலையேறி வந்த பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்புறம் போன வருஷம் நீ வரைந்து அனுப்பியதைப் பெட்டியிலிருந்து எடுத்து, இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கால் வளரும், அது எனக்குத் தெரியாதா? ஆனால் நசுங்கிய விரல் நிமிராதுடி. இந்தப் படத்தில் ஐந்து விரலும் வரிசையாக, அச்சில் வார்த்த மாதிரி நிற்கின்றன. இது வேறு யாரோ வைத்த கால் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. உன் கால்தான் என்றால் அதைவிடப் பயமாக இருக்கிறது.

லீவு கேட்டேன், தரவில்லை. கரண்டியை மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டேன். நாளைக் காலை லாரியில் கிளம்புகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்தால், காலில் இருப்பதைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்காலோடு சித்தி வீட்டுக்கு ஓடு. கல் குத்தினால் குத்தட்டும்.

அம்மா


ஜூன் 2
சித்தி வீட்டிலிருந்து

என் சுண்டு,

இதை ஷூவின் முனையிலிருந்து எடுத்திருப்பாய். பஞ்சுக்குப் பதிலாக வைத்தேன்.

நேற்றுக் காலை உன்னைப் பார்த்தேன். நீ கேட்டுக்கு உள்ளே நின்றாய், தலையை இழுத்து வாரி, பட்டி வைத்த ஷூ போட்டுக்கொண்டு. "யாரு வேணும்?" என்றாய். நான் உன் பெயரைச் சொன்னேன், வீட்டில் கூப்பிடுகிற எல்லாப் பெயரையும் சொன்னேன். "இங்க அப்படி யாரும் இல்லீங்களே" என்றாய். எவ்வளவு மரியாதை!

கையைப் பிடித்து இழுத்தேன். ஞாபகம் இருக்கிறதா? மேல் உடம்பு என் பக்கம் வந்தது. கால் வரவில்லை. அரிசி மூட்டையைத் தனியாக இழுத்துப் போடுகிறவள் நான், உன் இரண்டு காலையும் தரையிலிருந்து ஒரு விரற்கடை நகர்த்த முடியவில்லை. சித்தியும் சேர்ந்து இழுத்தாள். குனிந்து ஷூவைக் கழற்றப் பார்த்தேன். பட்டி தோலோடு ஒட்டினாற்போல் இருந்தது. அந்தம்மா மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவேயில்லை. "அவளா வந்தா கூட்டிட்டுப் போங்க" என்றாள், அவ்வளவுதான்.

போலீஸோடு வரலாம் என்று சித்தப்பா சொல்கிறார். வரட்டும், சொல்லியிருக்கிறோம். ஆனால் போலீஸும் கையைத்தான் பிடிப்பார்கள்.

ராத்திரி உன் கடிதங்களை எல்லாம் மறுபடி படித்தேன். அங்கே ஷூவை நீ பழக்குகிறாய் என்று நினைத்திருந்தோம். யாரோ நடந்த நடைக்கு உன் காலைப் பழக்கியிருக்கிறார்கள். அப்படியென்றால் எனக்கும் அந்த வேலை தெரியும்.

பழக்கதோஷத்தில் ஆறு வாங்கினேன் என்றேனே, என் காலும் ஆறு. அதை மாட்டிக்கொண்டுதான் மலையிலிருந்து வந்தேன். இன்று விடிந்ததிலிருந்து உன் கேட்டிலிருந்து சித்தி வீட்டு அடுப்படிவரை, திரும்ப கேட்வரை, நடந்துகொண்டே இருக்கிறேன். லாண்டரிக்காரர் எனக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டார். இரண்டு குதிகாலும் கடித்துக் கிழிந்துவிட்டது. உள்ளே கறை இருந்தால் அருவருப்படையாதே, உன் அம்மா ரத்தம்தான். இப்போது கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் இந்த ஷூ அடுப்படிக்குத்தான் வருகிறது. சோதித்துப் பார்த்துவிட்டேன்.

நீ சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் விட வருவதைப் பார்த்தேன். குழாயடியில் எறிந்துவிட்டுப் போகிறேன். பிறத்தியார் பழக்கியதை அவள் கையால் தொட மாட்டாள், நீயே எழுதியிருந்தாய். ஒரே ஒரு தடவை போட்டுப் பார், கண்ணு. நீ நடக்க வேண்டாம், கால் போகிற பக்கம் விட்டுவிடு. பதில் எழுதினால் இதன் பின்பக்கமே எழுதி, மடித்து, முனையிலேயே வைத்துக்கொள். தபாலில் போடாதே. நீயே கொண்டு வா.

கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்.

அம்மா


ஜூன் 3

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

நீங்கள் குழாயடியில் போட்ட ஷூ கிடைத்தது. அம்மா செய்தித்தாளை வைத்து எடுக்கப் பார்த்தார். தாள் ஈரத்தில் நனைந்து நனைந்து கிழிந்துவிட்டது. "கிடக்கட்டும், நீ தொடாத" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். நீங்கள் தேடுகிற பெண் இங்கே இல்லை. வேறொருவருக்கு எழுதிய கடிதத்தைப் படித்தது தவறுதான், மன்னிக்கவும். உங்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் பின்வாசல் படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஷூ அழகாக இல்லை. குதிகால் ஒரு பக்கமாக மடிந்திருக்கிறது. வெங்காய வாசனை அடிக்கிறது. என்ன வாசனை என்று பார்க்கத்தான் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனேன், ஏனோ கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உரிக்காத வெங்காயத்துக்குக் கண்ணீர் வருமா?

பட்டி ஷூவைக் கழற்ற நேரமாயிற்று. வலது காலைப் போட்டுப் பார்த்தேன். பெரிதாக இருக்கிறது. உள்ளே சூடாக இருந்தது, இப்போதுதான் யாரோ கழற்றியதுபோல.

இடது காலையும் போட்டுவிட்டேன். விரல் வலிக்கிறது. கடைசி விரல். பீரோ, நீ சொன்ன பீரோ, பச்சைப் பெயிண்ட், கைப்பிடி ஆடும். நீ என்னைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினாய், உன் காலில் செருப்பில்லை. விரல் மேலே ஏறுகிறது. ஐயோ, வலிக்குதும்மா.

மாடியில் நடக்கிற சத்தம் கேட்கிறது. நான் இங்கேதான் இருக்கிறேன், அங்கே யார் நடப்பது? ஒருத்தி இல்லை, நிறைய கால். ஜன்னல்வரை போய்த் திரும்புகிறார்கள். "பாப்பா, குனியாம நட" என்று அந்தம்மா சொல்கிறாள். இங்கே கேட்கிறது. நான் எழுந்திருக்காமல் இருக்கப் பார்க்கிறேன், ஆனால் இந்தக் கால் கேட் பக்கம் திரும்பிவிட்டது.

படிக்குக் கீழே செருப்பு நாலு ஜோடியாகிவிட்டது. நாலாவது என்னுடையது. அதை எடுத்துக்கொண்டேன். மற்ற மூன்றையும் எடுத்துக்கொண்டு வரட்டுமா? யாராவது கேட்டு வந்தால் நீ கொடுப்பாய் இல்லையா? எடுத்துக்கொண்டேன்.

சத்தம் நின்றுவிட்டது. ஒரே ஒரு அடி கூடுதலாகக் கேட்டது, அது மாடிப்படியில் கேட்டது. இதை மடித்து முனையில் வைக்கிறேன். எத்தனை தடவைதான் உன்கிட்ட சொல்றது, இதுவும் லூசாத்தாம்மா இருக்கு.

சுண்டு